கலியாணத்துக்குச் சிவந்த மரங்கள்

கற்பிட்டி வீதியில் றுமைஸா என்று கேட்டால் நாலைந்து பேரைக் காட்டுவார்கள். ‘சோடனை றுமைஸா’ என்று கேட்டால்தான் நேரே அவள் வீட்டு வாசலில் கொண்டுபோய் விடுவார்கள். கலியாண மேடை சோடிப்பது அவள் தொழில். தொண்ணூறில் முஸ்லிம்கள் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டபோது வள்ளங்களில் வந்து இறங்கிய குடும்பங்களில் ஒன்று அவளுடையது. அப்போது அவளுக்கு எட்டு வயது. ஓலைக் கொட்டிலில் வளர்ந்தாள். தையல் பழகினாள். மணப்பெண்களுக்கு மருதோன்றி போடப் போனாள். பெண் இருக்கும் கதிரைக்குப் பின்னால் துணி மடித்துக் கட்டுவதை ஒரு வீட்டில் யாருமே ஒழுங்காகச் செய்யாததைப் பார்த்துத் தானே செய்து கொடுத்தாள். அதிலிருந்துதான் தொழில் தொடங்கியது.

முப்பத்து நாலு வயதாகும்போது புத்தளத்துப் பெரிய வீடுகளும் அவளைக் கூப்பிட்டன. புருசன் நளீர் ஓட்டோ ஓட்டுகிறவன். மேடைக்கு லைற் கட்டும் வேலையையும் அவனே பார்த்துக்கொண்டான். யுத்தம் முடிந்து ஆறேழு வருசம் ஆகியிருந்தது. கடற்கரை நெடுகிலும் ஹோட்டல்கள் முளைத்தன. மண்டபத்துக்குள் கலியாணம் வைத்தவர்கள் இப்போது வெட்டவெளியில் வைக்க ஆசைப்பட்டார்கள். அந்த ஆசை வந்தவர்கள் கொழும்பிலிருந்து ஆட்களைக் கூட்டிவரத் தொடங்கியிருந்தார்கள். றுமைஸாவின் மனதில் அந்தப் பயம் எப்போதும் ஒரு மூலையில் கிடந்தது.

அந்த வருசக் கடைசியில்தான் முஹ்ஸின் ஹாஜியாரின் மகள் கலியாணம் அவளிடம் வந்தது. முஹ்ஸின் ஹாஜியார் புத்தளத்துக்காரர். கனடாவில் குடியேறி இருபத்தைந்து வருசம். மகள் ஸம்ஹா அங்கேயே பிறந்தவள், மாப்பிள்ளையும் அங்கேயே வளர்ந்த பிள்ளை. ஸம்ஹாவுக்குச் சின்ன வயதிலிருந்து ஒரே கனவு. ஒக்டோபரில் அங்கே மரங்களெல்லாம் மஞ்சளும் சிவப்புமாக நிற்கும்போது, அந்த மரங்களுக்குக் கீழே, திறந்த வெளியில் தன் கலியாணம் நடக்க வேண்டும். ஆனால் ஹாஜியாருடைய வாப்பாவுக்கு விமானம் ஏற முடியாத வயது. பேத்தியின் கலியாணத்தை அவர் பார்க்க வேண்டுமென்றால் அது புத்தளத்தில்தான் நடக்க வேண்டும். கடைசியில் ஸம்ஹா சம்மதித்தாள். சிவந்த மரத்துக்குக் கீழே விருந்து வைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சம்மதித்தாள்.

அதை அவளே றுமைஸாவுக்கு வீடியோ அழைப்பில் சொன்னாள். தமிழைத் தேடித் தேடிப் பேசுகிற பிள்ளை. றுமைஸாவை அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிட்டாள்.

“ராத்தா, அங்க சிவக்கிற மரம் ஒண்டுமே இல்லையா? ஒரு மரம் கூடவா?”

“எங்கட ஊருல எலை பழுத்தா விழுந்துரும் மகள். அதுக்காக ஆரும் கலியாணம் வெச்சதில்ல.”

ஸம்ஹா சிரித்தாள். ஆனால் அவள் முகம் வாடியதை றுமைஸா பார்த்தாள். கேட்டதை இல்லையென்று சொல்வது றுமைஸாவுக்கு வராது. அப்போதுதான் அன்ரனிப்பிள்ளையின் வளவு நினைவுக்கு வந்தது.

தலவிலைக்குப் போகும் வழியில், கடலைப் பார்த்த ஒரு வளவு அது. கடலுக்கும் வீட்டுக்கும் நடுவில் நாட்டு வாதுமை என்று சிலர் சொல்லும் கொட்டங்காய் மரங்கள் ஆறு ஒரே வரிசையில் நின்றன. கிளைகள் தட்டுத் தட்டாக விரிந்து குடை பிடித்ததுபோல் நிற்கும். வருசத்தில் ஒரு தடவை, மாரி மழை விட்ட பிறகு, உள்ளங்கையைவிடப் பெரிய அந்த இலைகள் மஞ்சளாகி, செம்மஞ்சளாகி, பிறகு இரத்தச் சிவப்பாகிக் கொட்டும். போன வருசம் ஓட்டோவில் போகும்போது அந்தச் சிவப்பைக் கண்டு நளீரை நிறுத்தச் சொல்லிப் படம் எடுத்திருந்தாள். தேடி எடுத்து அதை ஸம்ஹாவுக்கு அனுப்பினாள்.

கொஞ்ச நேரத்தில் அழைப்பு வந்தது. ஸம்ஹாதான்.

“இதுதான் ராத்தா. இதேதான். இது எந்த மாசம், எத்தினையாம் கிழமையில இப்பிடி வரும்? இங்க ஒவ்வொரு இடத்திலயும் எந்தக் கிழமை உச்சம் எண்டு முன்னுக்கே சொல்லுவாங்க. நாங்க ரிக்கற் போடணும்.”

“கேட்டுச் சொல்றன்” என்றாள் றுமைஸா.

அன்ரனிப்பிள்ளையிடம்தான் கேட்டாள். ஐம்பத்தைந்து வயதுக் கடற்றொழிலாளி. வளவின் ஓரத்தில் வலையும் சாமானும் வைக்கும் அவருடைய வாடி, வாடிக்கு முன்னால் வள்ளம். கலியாணத்துக்கு இடம் தருவதில் அவருக்குச் சந்தோசம்தான். மனைவி அல்பொன்சாவும் மறுக்கவில்லை. ஆனால் கிழமையைக் கேட்டதும் அவர் தலையைச் சொறிந்தார்.

“அத யாரு பாத்து வெச்சது தங்கச்சி? ஒரு வருசம் தையில சிவக்கும். ஒரு வருசம் மாசி போயும் பச்சையா நிக்கும். மழை எப்ப விடுதோ அப்ப.”

அன்றைக்கு மாலை ஸம்ஹாவிடம் இதை அப்படியே சொல்லியிருக்கலாம். ஆனால் கொழும்பிலுள்ள ஒரு கலியாணக் கம்பனியும் தன்னோடு கதைப்பதாக ஹாஜியார் பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தார். கிழமை தெரியாது என்று சொன்னால் வேலை கைவிட்டுப் போகும் என்று றுமைஸா நினைத்தாள்.

“பெப்ரவரி ரெண்டாம் கிழமை” என்றாள். கொஞ்சமும் தயங்காமல் சொன்னாள்.

அந்த வார்த்தையை நம்பிக் கனடாவில் இரண்டு குடும்பங்கள் லீவு எடுத்தன. விமானத்துக்குப் பதிந்தன. புத்தளத்துப் பள்ளிவாசலில் நிக்காஹ்வுக்கு நாள் குறித்தார்கள். காலையில் பள்ளியில் நிக்காஹ், பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு மரங்களுக்குக் கீழே விருந்து.

டிசம்பர் தொடங்கியதும் றுமைஸா கிழமைக்கு ஒரு தடவை அந்த வளவுக்குப் போனாள். மரங்களைப் படம் எடுத்து அனுப்பினாள். ஸம்ஹாவும் தன் எண்ணங்களை அனுப்பிக்கொண்டேயிருந்தாள். மேடையில் எங்கேயும் சிவப்புத் துணி வேண்டாம், சிவப்பு மரத்தில் மட்டும் இருக்கட்டும். மேசை நீளமாக, மரவரிசையோடு போகட்டும். விழுந்த இலைகளை யாரும் கூட்டக்கூடாது, கதிரைகளின் காலடியில் அப்படியே கிடக்கட்டும். இதை றுமைஸா அல்பொன்சாவிடம் சொன்னபோது அல்பொன்சா விளக்குமாறைச் சுவரில் சாத்திவிட்டுச் சிரித்தாள்.

“கலியாணம் முடிச்சு வந்து இருபத்தேழு வருசமா இந்தச் சருகைக் கூட்டுறன். கூட்டாத எண்டு இண்டைக்குத்தான் ஒருத்தி கேக்கிறா. உனக்குப் புண்ணியம் கிடைக்கும் தங்கச்சி.”

அல்பொன்சா அப்படித்தான். போகும்போதெல்லாம் தேத்தண்ணி தராமல் விடமாட்டாள். றுமைஸா உள்ளே வந்து இருக்காமல் போனால் கோபிப்பாள்.

ஜனவரி மாதம் வந்தது. வழக்கமாக அதற்குள் மழை ஓய்ந்துவிடும். அந்த வருசம் ஓயவில்லை. இரண்டு நாள் வெயில் எறித்தால் மூன்றாம் நாள் வானம் கறுத்தது. உப்பு வாய்க்கால்களில் மழைத்தண்ணீர் நின்றது. கொட்டங்காய் மரங்களுக்கு அப்படியொரு செழிப்பு. இலைகள் எண்ணெய் பூசியதுபோலப் பச்சையாகப் பளபளத்தன. மாதக் கடைசியில் மழை விட்டது. ஆனாலும் ஆறு மரங்களிலும் ஓர் இலைகூட நிறம் மாறவில்லை.

றுமைஸாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பட்டுத் துணியில் சிவப்பு இலைகள் செய்து கட்டலாமா என்று ஸம்ஹாவிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள்.

“பொய் இலை வேணாம் ராத்தா” என்றாள் ஸம்ஹா. “நீங்க சொன்னீங்கதானே, வரும் எண்டு. நான் நம்புறன்.”

நளீரிடம் சொன்னபோது அவன் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

“உள்ளதச் சொல்லிடு. மழை எங்கட கையிலயா இரிக்கி? பச்சை மரத்துக்குக் கீழயும் கலியாணம் நடக்கும்.”

“கிழமை சொன்னது நான்தானே.”

“பிழையாச் சொல்லிட்டன் எண்டு சொல்லு. அவ்வளவுதானே.”

அவ்வளவுதான். அவளாலும் அது முடிந்திருக்கும். ஆனால் தன் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகிற வழியில் அவளுக்கு ஒரு விசயம் நினைவுக்கு வந்தது. இரண்டு வருசத்துக்கு முன் பள்ளிக்கூட வாசலில் மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டினார்கள். கானுக்காக அங்கே நின்ற கொட்டங்காய் மரத்தின் வேர்களைத் தறித்தார்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் அந்த மரம் காலமில்லாத காலத்தில் செக்கச் சிவந்து நின்றது. பிள்ளைகள் இலை பொறுக்கி விளையாடினார்கள். பிறகு எல்லாம் கொட்டி, மறுபடி தளிர்த்தது. மரம் சாகவில்லை. இன்றைக்கும் நிற்கிறது. அதைச் சுற்றி மூன்று பக்கமும் கட்டடம் இருந்ததையும், கடற்காற்று அதைத் தொடவே முடியாது என்பதையும் அவள் அப்போது யோசிக்கவில்லை.

அடுத்த நாள் காலை அன்ரனிப்பிள்ளையின் வளவுக்குப் போனாள். நளீர் புத்தளத்துக்குச் சவாரி போயிருந்தான். அவனிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

“அண்ணே, லைற்றுக்கு வயர் போகணும். மேலால இழுத்தா படத்தில அசிங்கமா விழும். மண்ணுக்குள்ளால போடுவம்.”

“அதுக்கென்ன, கிண்டுவம்.”

“ஒவ்வொரு மரத்தையும் சுத்திக் கிண்டணும் அண்ணே. கொஞ்சம் ஆழமா.”

அன்ரனிப்பிள்ளை அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. வாடிக்குள் போய் மம்மட்டியும் கோடரியும் எடுத்து வந்தார். கூலிக்கு ஆள் பிடிக்கிறேன் என்று அவள் சொன்னதற்கு, தன் வளவில் தான் கிண்ட ஏன் ஆள் என்றார். மணல் மண். சுலபமாக வந்தது. முழங்கால் ஆழத்துக்குப் போனதும் வேர்கள் தெரிந்தன. சில கை பருமன், சில கால் பருமன். மரத்திலிருந்து பிரிந்து கடலை நோக்கியும் வீட்டை நோக்கியும் ஓடின.

முதல் மரத்தின் பெரிய வேரில் கோடரியை வைத்துக்கொண்டு அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“இது தாய் வேர் போல கிடக்கு தங்கச்சி. வயரை இதுக்குக் கீழால விடலாம். வெட்டத்தான் வேணுமா?”

றுமைஸா கடலைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

“ஓம் அண்ணே. வெட்டுங்க.”

அவர் வெட்டினார். மற்ற ஐந்து மரங்களிலும் அவர் கேட்கவேயில்லை. வெயில் ஏறும்போது உடம்பெல்லாம் வேர்வையும் மணலுமாக வாடி வாசலில் குந்தியிருந்து, அல்பொன்சா கொடுத்த தண்ணீரைக் குடித்தார். அல்பொன்சா குழிகளை எட்டிப் பார்த்துவிட்டு, “என்னப்பா, மரத்தையே தோண்டி எடுக்கப் போறியளா?” என்று கேட்டாள். “வயருக்குத்தானே” என்றார் அவர். பின்னேரம் வந்த நளீர் இவ்வளவு கிண்டியது ஏன் என்று கேட்டபோது, அண்ணன் தானாகவே கிண்டிவிட்டார் என்று றுமைஸா சொன்னாள். வயரைப் போட்டு, மண்ணை மூடி மிதித்துவிட்டார்கள்.

ஒரு கிழமையில் கீழ்க்கிளைகளில் மஞ்சள் தெரிந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் நிறம் மேலே ஏறியது. கனடாக்காரர்கள் வந்து இறங்கியபோது மரங்கள் பாதிச் சிவப்பு. கலியாண நாளன்று ஆறு மரங்களும் உச்சியிலிருந்து அடிவரைக்கும் எரிந்துகொண்டிருப்பது போல நின்றன. பின்னால் நீலக் கடல். சாய்ந்த வெயில் இலைகளுக்குள்ளால் வந்து வெள்ளை மேசைவிரிப்பில் சிவப்பாக விழுந்தது. ஸம்ஹா வாகனத்திலிருந்து இறங்கி, நாலு அடி நடந்து, அப்படியே நின்றுவிட்டாள். பூசிய மை கரைந்து ஓட அழுதாள். ஹாஜியாருடைய வாப்பாவைச் சக்கர நாற்காலியில் மரத்தடிக்குக் கொண்டுவந்தார்கள். அவர் மடியில் விழுந்த ஓர் இலையை எடுத்து வைத்துக்கொண்டே விருந்து முடியுமட்டும் இருந்தார்.

அன்ரனிப்பிள்ளையும் அல்பொன்சாவும் மேசையின் ஒரு தலைப்பில் இருந்தார்கள். அவர் மடிப்புக் குலையாத வெள்ளை ஷேர்ட் போட்டிருந்தார். வந்தவர்கள் எல்லோரும் அவருடைய மரங்களைப் புகழ்ந்தார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் கையைக் கட்டிக்கொண்டு தலையசைத்தார். தூரத்திலிருந்து அதைப் பார்த்த றுமைஸா, கோப்பைகளை அடுக்கும் சாட்டில் மற்றப் பக்கம் போய்விட்டாள்.

படங்கள் எல்லா இடமும் பரவின. மட்டக்குளியிலிருந்து, சிலாபத்திலிருந்து, ஒரு தடவை துபாயிலிருந்தும் அவளுக்கு அழைப்பு வந்தது. தொழில் ஒரேயடியாக உயர்ந்தது. இலைகள் எல்லாம் கொட்டின. பங்குனியில் தளிர் விட்டது. ஆனால் அந்தத் தளிர் சரியில்லை. சின்னச் சின்னதாக, வெளிறிப்போய், கிளை நுனிகளில் மட்டும் நின்றது. ஓட்டோவில் அந்த வழியால் போகும்போது முதலில் எட்டிப் பார்த்தாள். பிறகு அந்த வளவு வரும்போது கைப்பையைத் திறந்து எதையாவது தேடப் பழகிக்கொண்டாள்.

வைகாசிக் கடைசியில் சோளகம் எழும்பியது. அந்தக் கரையில் சோளகக் காற்று எழும்பினால் கடலுக்குப் போவது குறையும். ஆண்கள் பகலில் வாடிகளில் குந்தியிருந்து கிழிந்த வலை பொத்துவார்கள். அன்றைக்கும் அன்ரனிப்பிள்ளை வழக்கம்போல மரநிழலில் வலையை விரித்துக்கொண்டு இருந்தார். மத்தியானம் போல் ஒரு பலத்த வீச்சு அடித்தது. வரிசையில் மூன்றாவது மரம் வேரோடு சாய்ந்தது. அவர் எழும்பி ஓடினார். முழுக்கத் தப்ப முடியவில்லை. ஒரு பெரிய கிளை அவருடைய வலது தொடைக்கு மேல் விழுந்தது. அயலில் இருந்தவர்கள் வந்து கிளையை அறுத்துத்தான் அவரை எடுத்தார்கள்.

நளீர்தான் செய்தி கொண்டுவந்தான். ஓட்டோ ஸ்டாண்டில் கேள்விப்பட்டிருக்கிறான்.

“அன்ரனி அண்ணனுக்கு மேல மரம் விழுந்திட்டுதாம். தொடை எலும்பு உடைஞ்சி போச்சாம். பொல்லாத காத்து.”

றுமைஸா அடுப்படியில் நின்றாள். கையிலிருந்த அகப்பையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. “மௌத்தா?” என்றுதான் முதலில் கேட்டாள். உயிர் இருக்கிறது என்று தெரிந்ததும் நிலத்திலேயே இருந்துவிட்டாள். அழுதாள். நல்ல மனுசனுக்கு இப்படி வந்ததே என்று அழுகிறாள் என நளீர் நினைத்துக்கொண்டான்.

ஆசுப்பத்திரியில் அவருக்குத் தொடைக்குள் இரும்புக் கம்பி வைத்தார்கள். நடக்கலாம், ஆனால் பாரம் தூக்கவோ வள்ளம் தள்ளவோ கூடாது என்று சொல்லிவிட்டார்கள். றுமைஸா போகாத கிழமை இல்லை. பழம் கொண்டுபோனாள். சூப் வைத்துக் கொண்டுபோனாள். வீட்டுக்கு வந்த பிறகும் சோறும் மீனாணமும் சமைத்து எடுத்துப் போனாள். அவள் எவ்வளவு செய்தாளோ அல்பொன்சா அவ்வளவு நன்றி சொன்னாள். “சொந்தத் தங்கச்சி கூட இப்பிடிப் பாக்கமாட்டா” என்று வருகிறவர்கள் எல்லோரிடமும் சொன்னாள். அதைக் கேட்கும்போதெல்லாம் றுமைஸா பாத்திரத்தைக் கழுவுகிற சாட்டில் பின்பக்கம் போய்விடுவாள்.

இதற்கிடையில் ஊரில் வேறு கதை நடந்தது. விழுந்த மரத்தின் அடியைப் பார்த்தவர்களுக்கு வேர்கள் கோடரியால் வெட்டுப்பட்டது தெரிந்தது. கேட்டவர்களுக்கு அன்ரனிப்பிள்ளை ஒளிக்காமல் சொன்னார்: “நான்தான் வெட்டினன்.” அதன் பிறகு மீனவர் சங்கக் கொட்டிலில் அதுவே பகிடியாகிவிட்டது. தன் மரத்தின் வேரைத் தானே தறித்துவிட்டு அதற்குக் கீழேயே போய் இருந்த விசரன் என்றார்கள். கலியாணக்காரர் ஊற்றிக் கொடுத்த வெறியில் வெட்டியிருப்பான் என்றும் ஒருவர் சொன்னார். அவர் குடியை விட்டுப் பதினைந்து வருசம். முப்பது வருசமாகச் சங்கத்தில் மதிப்போடு இருந்த மனிதர் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

ஆடி மாதத்தில் ஒரு நாள் றுமைஸா சோறு கொண்டுபோயிருந்தாள். அல்பொன்சா கடைக்குப் போயிருந்தாள். அன்ரனிப்பிள்ளை வாசலில் கதிரை போட்டுக் காலை நீட்டியபடி இருந்தார். முன்னால் மிச்சமிருந்த ஐந்து மரங்களில் இரண்டு காய்ந்துபோய் நின்றன. அவள் முகத்தை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“தங்கச்சி, ஒண்டு சொல்றன். நீ இத மனசில வெச்சுக்கொண்டு உருகிறது எனக்கு விளங்குது. உன்ட கலியாண வேலைக்குக் கிண்டினதாலதான் இப்பிடி எண்டு நினைக்கிற. அப்பிடி இல்ல. நீ வயருக்குக் கொஞ்சம் கிண்டச் சொன்ன. வேரைப் பாத்து, வெட்ட வேணாம் எண்டும் சொன்ன மாதிரித்தான் எனக்கு ஞாபகம். நான்தான் யோசனையில்லாமப் போட்டுத் தறிச்சன். என்ட பிழை. நீ ஏன் சுமக்கிற?”

அவர் பொய் சொல்லவில்லை. படுக்கையில் கிடந்த நாட்களில் அதையே திரும்பத் திரும்ப நினைத்து, நினைத்து, அவருடைய ஞாபகமே அப்படித் திரும்பிவிட்டது. அவளை நல்லவளாகவும் தன்னை முட்டாளாகவும் அது மாற்றி வைத்திருந்தது. றுமைஸா இவ்வளவு நாளும் தான் சொல்லாமல் இருந்தால் அது தனக்குள் கிடந்து அழியும், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தாள். இப்போது இந்த மனிதரின் தலைக்குள்ளிருந்தே உண்மை போய்விட்டது. அதைத் திருடியது தான்தான் என்று அவளுக்குப் பட்டது.

“இல்ல அண்ணே” என்றாள். திரும்பவும் சொன்னாள். “இல்ல. நீங்க கேட்டீங்க. இது தாய் வேர், வெட்டத்தான் வேணுமா எண்டு கேட்டீங்க. நான்தான் வெட்டச் சொன்னன். வயருக்கு அவ்வளவு ஆழமாக் கிண்டத் தேவையில்ல. ஒரு சாண் போதும்.”

“அப்ப எதுக்கு?”

“எலை சிவக்கிறதுக்கு. வேர் அறுந்தா சிவக்கும் எண்டு எனக்குத் தெரியும். கலியாணத்தண்டைக்குச் சிவப்பா நிக்கணும் எண்டு வெட்ட வெச்சன்.”

அன்ரனிப்பிள்ளை அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“எலைக்கா?”

“ஓம்.”

அவருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். ஏசினால் கேட்டுக்கொண்டு நிற்கலாம் என்று நின்றாள். அவர் தன் தொடையைக் கையால் தடவினார். பிறகு மரங்களின் பக்கம் பார்த்தார். படலை திறக்கும் சத்தம் கேட்டது. அல்பொன்சா சாமான் பையோடு வந்துகொண்டிருந்தாள்.

“அல்பொன்சா, தங்கச்சி போகப் போறா. படலையைச் சாத்தாத” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். தேத்தண்ணி குடிக்காமல் போகிறாயா என்று அல்பொன்சா கேட்கும்போதே றுமைஸா படலையைத் தாண்டியிருந்தாள்.

அன்றைக்கு நளீரிடமும் எல்லாவற்றையும் சொன்னாள். “எனக்கும் பொய்தானே சொன்ன” என்று மட்டும் கேட்டான். பல நாட்கள் அவளோடு தேவைக்கு மேல் கதைக்கவில்லை.

புருசனிடம் எல்லாவற்றையும் கேட்டறிந்து, அடுத்த கிழமை அல்பொன்சா வந்தாள். முதல் தடவையாக றுமைஸாவின் வீட்டுக்கு வருகிறாள். கேற்றுக்கு வெளியிலேயே நின்றாள். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை.

“நான் இருக்க வரல்ல. நீ கொண்டுவந்த சோத்தையெல்லாம் நான் தின்னிருக்கிறன். அத நினைக்க எனக்கு வயித்தைப் பிரட்டுது. சரி, அது போகட்டும். அந்தாள் வீட்டை விட்டு வெளிய போறதில்ல. விசரன், குடிகாரன் எண்டு சனம் கதைக்குது. எனக்கு உன்ட சாப்பாடும் வேணாம், ஒண்டும் வேணாம். சங்கத்துக்கு வா. அவங்களுக்கு முன்னால சொல்லு. எனக்கு ஒளிச்ச மாதிரி இல்ல, அந்தாளுக்குச் சொன்ன மாதிரிச் சொல்லு.”

“வாறன் அக்கா.”

“அக்கா எண்டு கூப்பிடாத” என்றாள் அல்பொன்சா. சத்தம் போடாமல்தான் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஆண்கள் சங்கக் கொட்டிலில் கூடியிருந்தார்கள். நளீர் அவளைக் கூட்டிப்போனான். வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கொட்டிலுக்கு வெளியே ஓட்டோவை நிறுத்திவிட்டு அவள் பக்கத்தில் வந்து நின்றான். அன்ரனிப்பிள்ளை ஊன்றுகோலோடு பின்வரிசை வாங்கில் இருந்தார். அல்பொன்சா அவரை அழைத்து வந்திருந்தாள்.

முப்பது நாற்பது ஆண்களுக்கு முன்னால் றுமைஸா இதற்கு முன் எங்கும் பேசியதில்லை. முக்காட்டின் தலைப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். கிழமையைத் தெரியாமல் சொன்னதிலிருந்து தொடங்கினாள். மழை, பச்சை இலை, பள்ளிக்கூடத்து மரம், எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணன் கேட்டதையும் தான் ஓம் என்றதையும் சொன்னாள். அன்றைக்கு அவர் குடித்தது அல்பொன்சா கொடுத்த தண்ணீர் மட்டும்தான் என்றும் சொன்னாள்.

முன்னால் இருந்த, தமிழ் சரியாக விளங்காத ஒரு கிழவர், சிங்களத்தில் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ கேட்டார். அவர் விளக்கினார். கிழவர் தலையை ஆட்டி, “இலைக்காக” என்று தன் மொழியில் மெதுவாகச் சொன்னார். பகிடி பண்ணியவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். சங்கத் தலைவர் எழும்பிப் பின்வரிசைக்குப் போய் அன்ரனிப்பிள்ளையின் கையைப் பிடித்தார். அவர் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. ஆனால் றுமைஸாவை நிமிர்ந்து பார்க்கவுமில்லை.

கதை கரை நெடுகப் போனது. மரத்தைக் கொன்று கலியாணம் செய்தவள் என்று பெயர் வந்தது. பேசி வைத்திருந்த இரண்டு கலியாணங்கள் கொழும்புக்காரர்களிடம் போயின. ஸம்ஹாவுக்கும் அவளே எழுதினாள். ஸம்ஹா அழைத்தாள், அழுதாள். “நான் கேட்டதாலதானே ராத்தா” என்றாள். “நீ இலை கேட்ட மகள். வேரை வெட்டச் சொல்லிக் கேக்கல்ல” என்று றுமைஸா சொன்னாள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையிடமிருந்து அழைப்பு குறைந்தது. தன் கலியாணப் படங்களை ஸம்ஹா எல்லோரும் பார்க்கும் இடத்திலிருந்து எடுத்துவிட்டாள் என்று பிறகு யாரோ சொன்னார்கள்.

மிச்சமிருந்த மரங்களைச் சோளகம் முடியுமுன் வெட்டிவிட வேண்டியிருந்தது. மற்றொன்று யாருக்கு மேல் விழுமோ என்ற பயம். நளீர் ஆள் பிடித்து வெட்டுவித்தான். றுமைஸாவும் போய்க் கிளைகளை இழுத்துப்போட்டாள். வரச்சொல்லி யாரும் கூப்பிடவில்லை, போகச்சொல்லியும் யாரும் சொல்லவில்லை. கடைசி மரமும் விழுந்ததும் வீட்டிலிருந்து பார்த்தால் கடல் நேராகத் தெரிந்தது. வளவெல்லாம் கண் கூசும் வெளிச்சம்.

அன்ரனிப்பிள்ளை வள்ளத்தை மருமகனிடம் கொடுத்துவிட்டார். வலை பொத்துவதும் மீன் காயப்போடும் இடத்தைப் பார்ப்பதும் அவர் வேலையாகின. சங்கத்துக்கு மறுபடி போகத் தொடங்கினார். றுமைஸா வீட்டுக் கலியாணங்களையும் மண்டபக் கலியாணங்களையும் மட்டும் எடுத்தாள். வெளியில் வைக்கலாமா என்று யாராவது கேட்டால் தனக்குத் தெரியாது என்பாள்.

அடுத்த வருசம் சோளகம் எழும்ப முன், மரங்கள் இல்லாததால் காற்று நேரே வாடிக்கூரையில் அடிக்கும் என்று நளீருக்குத் தோன்றியது. ஒரு காலையில் கயிறும் மணல் மூட்டைகளும் ஏற்றிக்கொண்டு இரண்டு பேரும் போனார்கள். நளீர் கூரையில் ஏறினான். றுமைஸா கீழே நின்று மூட்டைகளைத் தூக்கிக் கொடுத்தாள். அன்ரனிப்பிள்ளை வலையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் இருந்தார். நெடுநேரத்துக்குப் பிறகு தலையை நிமிர்த்தாமலே சொன்னார்:

“மேற்குப் பக்கக் கயித்த இன்னும் இறுக்கிக் கட்டு. அங்கதான் காத்து கூட.”

அவளிடம்தான் சொன்னார். அவள் போய் அந்தக் கயிற்றை இழுத்தாள். இழுத்து முடியும்போது அல்பொன்சா தேத்தண்ணியோடு வந்தாள். ஒரு கோப்பைதான் இருந்தது. அதை ஏணியடியில் நளீருக்கு வைத்துவிட்டு உள்ளே போனாள். நளீர் கோப்பையையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தான்.

“குடிங்க, ஆறப் போகுது” என்று சொல்லிவிட்டு, றுமைஸா அடுத்த மூட்டையைத் தூக்கினாள்.